திறமை, ஆற்றல், வல்லமை, சாமர்த்தியம்: எந்தச் சொல்லை எங்கே போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழா மலர், பாராட்டு மடல், வேலை விண்ணப்பம் என்று பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். ஒருவரால் ஒரு காரியம் ஆகும் என்பதைச் சொல்லத் தமிழில் ஏகப்பட்ட சொற்கள் இருக்கின்றன. ஆனால் என் மேஜைக்கு வரும் தாள்களில் பாதிக்கு மேல் ‘திறமை’ ஒன்றையே வைத்து ஓட்டிவிடுகிறார்கள். மற்ற சொற்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

திறமையும் திறனும் ஒன்றுதானே?

இல்லை. திறமை மனிதருக்கு உரியது. திறன் மனிதருக்கும் இருக்கலாம், இயந்திரத்துக்கும் இருக்கலாம். ‘இந்த மோட்டாரின் திறமை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘இழுவைத் திறன்’, ‘செயல்திறன்’ என்றுதான் சொல்கிறோம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. திறனைப் பகுதி பகுதியாகப் பிரிக்கலாம்: கேட்கும் திறன், வாசிக்கும் திறன், எழுதும் திறன். பள்ளிக்கூடத்தில் சோதிப்பது இந்தத் திறன்களை. திறமை அப்படிப் பிரியாது. அது ஆளோடு சேர்ந்து மொத்தமாக நிற்கும். அதனால்தான் அரசுத் திட்டங்களில் ‘திறன் மேம்பாடு’ என்கிறார்கள். பயிற்சி கொடுத்து வளர்க்கக்கூடிய, அளந்து சான்றிதழ் தரக்கூடிய ஒன்று அது. ‘திறமை மேம்பாட்டுக் கழகம்’ என்று எழுதிப் பாருங்கள், காதுக்கே ஒட்டாது.

இலங்கையில் திறமைக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை என்ற பள்ளிப் பொதுத் தேர்வில் ‘திறமைச் சித்தி’ என்பது ஒரு தரம்; சித்தி என்றால் தேர்ச்சி. அங்கே வேலை விளம்பரத்தில் ‘கணிதம் உட்பட நான்கு பாடங்களில் திறமைச் சித்தி’ என்று பார்த்தால் அது பாராட்டு அல்ல, மதிப்பெண் நிபந்தனை.

ஆற்றல் எதில் வேறுபடுகிறது?

ஆற்று என்ற வினையிலிருந்து வந்தது ஆற்றல். உரையாற்று, பணியாற்று, கடமையாற்று என்பதில் இருப்பது செய்வது என்ற பொருள். அதே வினைக்குப் பொறுத்துக்கொள்வது என்றும் பொருள் உண்டு, தணிப்பது என்றும் உண்டு. பாலை ஆற்றுகிறோம், பசியை ஆற்றுகிறோம், அழுகிறவரை ஆற்றுகிறோம். இந்தப் பொருள்களை ஒரே குறளில் கோத்து வைத்திருக்கிறார் வள்ளுவர்:

“ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல் அப்பசியை
மாற்றுவார் ஆற்றலின் பின்.”

தவம் செய்கிறவர்களுக்குத் தங்கள் பசியைத் தாங்கிக்கொள்ளும் வலிமை உண்டு. ஆனால் அடுத்தவர் பசியைத் தீர்க்கிறவரின் வலிமைக்கு அடுத்தபடிதான் அது என்கிறது 225-ஆம் குறள். ஆகவே ஆற்றல் என்று எழுதும்போது, உள்ளே தேங்கி நின்று வேலையாக வெளிப்படும் ஒன்றை நினையுங்கள். தையல்காரரின் நேர்த்தியான மடிப்புக்குத் திறமை பொருந்தும். இருபது வருடமாக ஒரு நூலகத்தை இழுத்துக்கொண்டு வந்தவருக்கு ஆற்றல் பொருந்தும்.

அறிவியல் பாடநூலில் இந்த இரண்டும் கறாரான கலைச்சொற்களாக இருக்கின்றன. தமிழ்நாட்டு இயற்பியலில் வேலை செய்யும் தகுதி ஆற்றல், அதன் அலகு ஜூல். ஒரு வினாடியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது திறன், அதன் அலகு வாட். கிணற்று மோட்டாரில் ஐந்து குதிரைத்திறன் என்று எழுதியிருப்பது இந்தத் திறன்தான். ஒரு குதிரைத்திறன் சுமார் 746 வாட். இலங்கைப் பாடநூலில் இதே இரண்டுக்கும் சக்தி, வலு என்று பெயர். இரு கரைக்கும் பொதுவாக அறிவியல் கட்டுரை எழுதுகிறவர்கள் முதல் பத்தியிலேயே எந்த வழக்கு என்று சொல்லிவிடுவது நல்லது.

வல்லமை, வலிமை, வன்மை?

மூன்றும் வல் என்ற வேரில் பிறந்தவை. வல்லினம், வல்லரசு, வன்முறை எல்லாம் அதே குடும்பம். எனவே இந்தச் சொற்களில் எப்போதும் கொஞ்சம் அழுத்தமும் பலமும் இருக்கும். வலிமை உடம்பிலும் படையிலும் இருப்பது. வன்மை இன்று தனியாக வருவது குறைந்துவிட்டது. சொல்வன்மை, நாவன்மை என்று சேர்ந்து வரும்போது உயிரோடு இருக்கிறது. வல்லமை இவற்றில் மேலான சொல், கொஞ்சம் வேண்டுதலின் சாயலும் உடையது. பாரதியார் சிவசக்தியிடம் கேட்டது திறமையை அல்ல, “வல்லமை தாராயோ இந்த மாநிலம் பயனுற வாழ்வதற்கே” என்றுதான். அந்த உயரம் இருப்பதால், ‘எக்செல் கோப்புகளைக் கையாளும் வல்லமை’ என்று எழுதினால் சொல் அங்கே நிற்க மறுக்கிறது.

வல்லுநரா, வல்லுனரா?

வல்லுநர். ஓட்டுநர், இயக்குநர், அனுப்புநர், பெறுநர் எல்லாவற்றுக்கும் தந்நகரம்தான், அதாவது ‘ந’. வல்லுநரும் நிபுணரும் பொருளில் ஒன்று. நிபுணர் வடமொழி வழி வந்தது, பேச்சிலும் செய்தியிலும் ஊறிப்போனது. விற்பன்னர் என்பதை இன்று கேலியாகவும் சொல்வதால் பாராட்டு மடலில் தவிர்த்துவிடுகிறேன். வித்தகர் கலைஞர்களுக்கு அழகாகப் பொருந்தும்.

முடியும், இயலும், கூடும்: எதை எழுத?

முடி என்றால் நிறைவேறு, தீர்ந்துபோ. ‘என்னால் முடியும்’ என்றால் என் வழியாக அது நிறைவேறும் என்று அர்த்தம். இதில் ‘ஆல்’ உருபை மாற்றிப் போட்டால் சங்கதியே மாறிவிடுகிறது. ‘என்னால் முடியவில்லை’ என்றால் முயன்று தோற்றேன். ‘எனக்கு முடியவில்லை’ என்றால் உடம்பு சரியில்லை. ‘அப்பாவுக்கு முடியலை’ என்று தொலைபேசியில் கேட்டால் உடனே பஸ் பிடிப்போம் இல்லையா?

முடியாது என்பதில் மறுப்பும் ஒளிந்திருக்கிறது. ‘முடியாது, போ’ என்கிறவருக்குச் செய்யும் வலு இருக்கலாம், மனம்தான் இல்லை. இந்த இரட்டைப் பொருள் வேண்டாம் என்கிற இடத்தில் இயலாது என்று எழுதுங்கள். அலுவலகக் கடிதத்தில் ‘தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை’ என்பது முகத்தில் அடிக்காமல் மறுக்கும்.

இந்த இயலும்தான் ஈழத்துப் பேச்சில் ஏலும். ‘உங்களுக்கு ஏலுமே?’, ‘எனக்கு ஏலாது.’ அங்கே உடம்பு முடியாததற்கும் ‘ஏலாமல் கிடக்கு’ என்றுதான் சொல்வார்கள். சொல் வேறு, உடம்பும் இயலுமையும் ஒரே வாசலில் நிற்பது மட்டும் இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

கூடும் தந்திரமான சொல். ‘மழை வரக்கூடும்’ என்பதில் வாய்ப்பு மட்டும். ‘பத்து டன் தாங்கக்கூடிய பாலம்’ என்பதில் இயலுமை. ஆனால் எதிர்மறைக்குப் போனால் இரண்டும் இல்லை: ‘வரக்கூடாது’ என்றால் தடை. ஒரு மொழிபெயர்ப்புத் தாளில் ‘இந்த மருந்து வலியைக் குறைக்கக்கூடாது’ என்று இருந்தது. குறைக்காது என்று சொல்ல வந்தவர், குறைக்கும் உரிமையையே மருந்திடமிருந்து பறித்துவிட்டார். மருந்துச் சீட்டில் இப்படி ஒரு பிழை போனால் யார் எதைச் செய்வார்கள் என்று நினைத்து அன்று எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

பழைய சொற்கள் இரண்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாட்டு என்றால் முன்பு இயல் என்று பொருள். இன்று ‘போகமாட்டேன்’ என்றால் விருப்பமில்லை என்பதுதான். ஆனால் ‘நடக்கமாட்டாமல் நடந்து வந்தார்’, ‘பொறுக்கமாட்டாமல் அழுதாள்’ என்கிறபோது அந்தப் பழைய பொருள் அப்படியே எழுந்து வருகிறது. அப்புறம் ஒல்லும். “ஒல்லும் வகையான் அறவினை ஓவாதே” என்ற குறளில் அதற்கு இயலும் என்றுதான் பொருள்.

‘நீந்த முடியும்’ என்று எழுதினால் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது?

கற்றுக்கொண்டதை நாம் முடியும் என்று சொல்வதில்லை. ‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்கிறோம். கால் கட்டு பிரித்த பிறகு மருத்துவரிடம் கேட்பதுதான் ‘இனி நீந்த முடியுமா?’

இதைவிட எனக்குப் பிடித்தது வரும். ‘அவளுக்குப் பாட்டு நன்றாக வரும்’, ‘எனக்குக் கணக்கு வராது’, ‘அம்மாவுக்குப் புள்ளிக் கோலம் வரும், சிக்குக் கோலம் வராது’. இந்த வாக்கியங்களில் நாம் எழுவாய் இல்லை. பாட்டுதான் எழுவாய். அது நம்மிடம் வருகிறது, அல்லது வரமாட்டேன் என்கிறது. கணக்கு வராத பிள்ளையைக் ‘கணக்கில் திறமையற்றவன்’ என்று எழுதும்போது குறையை அவன் மேல் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறோம். ‘இன்னும் கணக்கு வரவில்லை’ என்று எழுதினால் நாளைக்கு வரலாம். மாணவர் குறிப்பேட்டில் எழுதும் ஆசிரியர்களிடம் இந்த ஒன்றைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பாராட்டும்போது ‘திறமை மிக்க’, ‘ஆற்றல் மிகு’ எல்லாம் போட்டும் எழுதியது உப்புச்சப்பில்லாமல் இருக்கிறதே?

இந்தக் கேள்விக்காகத்தான் மொத்தப் பக்கத்தையும் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவருக்குக் கொடுக்க எழுதிய பாராட்டு மடல் திருத்துவதற்கு வந்தது. முதல் வரி: ‘திறமை மிக்கவரும் ஆற்றல் நிறைந்தவரும் வல்லமை பொருந்தியவருமான...’. அந்த மூன்று அடைமொழியையும் அப்படியே எடுத்து ஒரு மாவட்ட அதிகாரிக்கு மாட்டிவிடலாம், ஒரு பாடகருக்கும் மாட்டிவிடலாம். எழுதிய ஆசிரியரை அழைத்து, ‘சார், அந்த அம்மா என்னதான் செய்வாங்க?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: ‘கொதிக்கிற சாம்பாரை வாயில வச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க சார். ஆவியை முகர்ந்துட்டு, இன்னும் ஒரு கை உப்புன்னு சொல்வாங்க. ஒரு நாளும் தப்பினதில்ல. அரிசி மூட்டை வர லேட்டானா எந்தப் பிள்ளை காலையில சாப்பிடாம வந்திருக்கும்னு அவங்களுக்குத் தெரியும், அதுங்களுக்கு முதல்ல ஏதாவது கொடுத்துடுவாங்க.’

மூன்று அடைமொழியையும் எடுத்துவிட்டு அவர் பேசியதை எழுத்து நடைக்கு மாற்றிப் போட்டோம்: ‘ஆவியை முகர்ந்தே உப்பின் அளவைச் சொல்வார். பசியோடு வந்த பிள்ளை யார் என்று முகம் பார்த்தே அறிவார்.’ விழாவில் அதை வாசித்தபோது அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார் என்று பின்னால் சொன்னார்கள்.

இலக்கணம் தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சொல்வார், அறிவார் என்பவை எதிர்கால வடிவம், ஆனால் இங்கே எதிர்காலம் சொல்லவில்லை. வழக்கமாகச் செய்வதையும் செய்ய இயல்வதையும் இந்த ஒரே வடிவம் தாங்குகிறது. ‘அவன் நன்றாகப் பாடுவான்’ என்றாலே பாடத் தெரிந்தவன் என்றாகிவிடும். ‘பாடும் திறன் கொண்டவன்’ என்று சுற்றி வளைக்கத் தேவையில்லை. பொருளுக்கும் அப்படித்தான்: இந்த அண்டா முப்பது படி பிடிக்கும், இந்தக் கயிறு தாங்காது, வண்டி லிட்டருக்கு அறுபது கொடுக்கும்.

வேலைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதைச் சொல்லும் 517-ஆம் குறளிலும் இதுதான் இருக்கிறது. “இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்.” திறமையாளன், வல்லவன் என்று எந்தப் பெயரும் இல்லை. இந்த வேலை, இந்த வழி, இந்த ஆள், பிறகு ‘முடிக்கும்’ என்ற ஒரே வினை.

கெட்டிக்காரன், சமர்த்து, சாமர்த்தியம் எல்லாம் பாராட்டுதானா?

பாதி நேரம்.

கெட்டி என்றால் உறுதி, திண்மை. கெட்டிச் சட்னி, கெட்டிக் கரை. எனவே கெட்டிக்காரன் என்றால் ஆள் உறுதியானவன், பிசகாதவன். கெட்டிக்காரி என்பதும் நல்ல பாராட்டு. ஆனால் அதைப் பண்புப் பெயராக்கிக் ‘கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொன்னார்’ என்று எழுதினால், அவர் எதையோ மழுப்பினார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ‘கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு’ என்ற பழமொழியும் அந்தச் சந்தேகத்தைத்தான் வைத்திருக்கிறது.

சாமர்த்தியமும் அப்படியே. வடமொழியில் இயலுமை என்ற நேர்ப் பொருள்தான். தமிழில் வந்து வாழ்ந்த பிறகு, சிக்கலில் வழி கண்டுபிடிப்பது என்ற பொருளும், ஆளை ஏய்ப்பது என்ற நிழலும் ஒட்டிக்கொண்டன. இருக்கிற சம்பளத்தில் நாலு பிள்ளையைப் படிக்க வைத்த தாயின் சாமர்த்தியம் பெருமைக்குரியது. ‘சாமர்த்தியமாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டான்’ என்பது குற்றச்சாட்டு. ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஈழத்தமிழரிடையே ‘சாமத்திய வீடு’ என்றால் பெண்பிள்ளை பூப்படைந்ததற்கான விழா. அங்குள்ள வாசகருக்கு எழுதும்போது ஒரு பெண்ணின் சாமர்த்தியத்தைப் புகழ வேண்டுமென்றால் வேறு சொல் தேடிக்கொள்ளுங்கள்.

சமர்த்து குழந்தைக்கு. ‘சமத்தா சாப்பிடு’ என்றால் அடம் பிடிக்காமல் சாப்பிடு என்றுதான், இயலுமைக்கு அங்கே இடமில்லை. பெரியவரைச் சமர்த்து என்றால் கொஞ்சம் தட்டிக் கொடுக்கிற தொனி வந்துவிடும். சூட்டிகை என்றொரு நல்ல பேச்சுச் சொல் இருக்கிறது. சொன்னவுடன் கற்பூரம் மாதிரி பற்றிக்கொள்கிற பிள்ளைக்கு அது. எழுத்தில் இப்போது அருகிவிட்டது. எழுதுங்கள், தயவுசெய்து.

கில்லாடியை விளையாட்டுப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தகுதியும் திறமையும் எப்போதும் ஜோடியாக வருகின்றனவே, ஏன்?

மேடைப் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்ட ஜோடி அது. ஆனால் இரண்டும் வேறு. தகுதி, வெளியிலிருந்து ஒருவர் வைக்கும் அளவுகோலுக்குப் பொருந்துவது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் தகுதி வந்துவிடும். வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைப்பது திறமை. முதலாவதற்குத் தாள் இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. ‘தகுதி’ என்ற சொல்லே குறளில் வேறு பொருளில் வருகிறது: “தகுதி எனவொன்று நன்றே” என்று தொடங்கும் 111-ஆம் குறளில் அது நடுவுநிலைமை. யாருக்குத் தகுதி என்று தீர்மானிக்கிறவர்தான் முதலில் நடுநிலையோடு நிற்க வேண்டும் என்று அந்தப் பொருளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இலங்கையில் கல்வித் தகைமை என்பார்கள். தமிழ்நாட்டில் தகைமை இலக்கிய மேடைக்குப் போய்விட்டது. யோக்கியதை என்பதற்கும் மூலப்பொருள் பொருத்தம்தான்; பிறகு அது ஒழுக்கத்தின் பக்கம் சாய்ந்து, யோக்கியன் என்றால் நேர்மையானவன் என்றாகிவிட்டது. அருகதை பெரும்பாலும் சண்டையில்தான் வரும்: ‘அதைப் பேச உனக்கு அருகதை இல்லை.’ லாயக்கு உருது வழி வந்தது. அதுவும் ‘லாயக்கில்லை’ என்றுதான் அதிகம் காதில் விழுகிறது.

திட்டுவதற்கென்றே இருக்கும் சொற்கள்?

வக்கில்லை, துப்பில்லை, திராணியில்லை, கையாலாகாதவன். கவனியுங்கள், முதல் மூன்றும் ‘இல்லை’யோடுதான் பழகுகின்றன. ‘அவருக்கு நல்ல வக்கு இருக்கிறது’ என்று யாராவது பாராட்டிக் கேட்டிருக்கிறீர்களா? துப்பு ஒரு காலத்தில் பெருமையான சொல். “துன்பத்துள் துப்பாயார் நட்பு” என்னும்போது, துன்பத்தில் பற்றுக்கோடாக நின்றவர் என்று பொருள். இன்று காவல்துறை துலக்குகிற துப்பும், ‘சோறு போடத் துப்பில்லை’ என்கிற வசவும்தான் மிஞ்சியிருக்கின்றன. கையாலாகாத என்பது ‘கையால் ஆகாத’; உடைத்துப் பார்த்தால் வெறும் விவரம்தான், சேர்த்துச் சொன்னால் சுடுகிறது.

கைதேர்ந்தவர், கைவந்த கலை, கைப்பக்குவம்... ஏன் எல்லாவற்றிலும் கை?

‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வேலை செய்கிற உறுப்பில்தான் திறமை குடியிருக்கிறது என்று இந்த மொழி நம்புகிறது. சமையலில் கைப்பக்குவம், கைமணம். மருத்துவருக்குக் கைராசி, அது திறமையும் அதிர்ஷ்டமும் சேர்ந்தது.

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் கட்டியபோது வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். தூக்குக்குண்டை விட்டுப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கண்ணை மூடிச் சுவரின் ஓரத்தைப் பார்த்து, ‘மூணாவது வரியில ஒரு நூல் வெளிய நிக்குது’ என்றார். குண்டைத் தொங்கவிட்டால் அப்படியேதான் இருந்தது. கூட வேலை செய்த பையனிடம், ‘உங்க மேஸ்திரி பெரிய திறமைசாலிப்பா’ என்றேன். ‘ஆமா சார், வேலை சுத்தமா இருக்கும்’ என்றான். நான் ஆளைப் புகழ்ந்தேன். அவன் வேலையைப் புகழ்ந்தான். தொழிலாளிகள் ஒருவரையொருவர் பாராட்டும் சொற்களைக் கேட்டுப் பாருங்கள்: வேலை சுத்தம், கை சுத்தம், நல்ல வேலைக்காரர், தொழில் தெரிந்தவர். என்னுடைய ‘திறமைசாலி’ அதற்குப் பக்கத்தில் வெளியூர்க்காரன் மாதிரி நின்றது.

‘கைதேர்ந்த’ என்பதை மட்டும் பார்த்துப் போடுங்கள். செய்தித்தாள்கள் ‘கைதேர்ந்த திருடன்’ என்று எழுதி எழுதி அந்தச் சொல்லில் கொஞ்சம் அழுக்கு ஏறிவிட்டது. ‘கை சுத்தம்’ என்பதற்கும் லஞ்சம் வாங்காதவர் என்று இன்னொரு பொருள் இருப்பதால், அதிகாரியைப் பற்றி எழுதினால் அந்தப் பொருள்தான் முந்தி நிற்கும்.

பல வேலைகளில் சிறந்தவரை என்ன சொல்வது?

பன்முகத் திறமையாளர் என்பது இன்றைய வழக்கு. அட்டாவதானி என்பதையும் சிலர் பொதுவான புகழ்ச்சியாக எழுதுகிறார்கள். அது தனி ஒரு கலையின் பெயர். ஒரே அமர்வில் எட்டு விதமான கேள்விகளுக்கும் இடையூறுகளுக்கும் கவனம் சிதறாமல் பதில் சொல்கிறவர் அட்டாவதானி, பத்து என்றால் தசாவதானி, நூறு என்றால் சதாவதானி. ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குப் போடச் சொல்வார், இன்னொருவர் முதுகில் சிறு கற்களை எறிந்துகொண்டே இருப்பார். முடிவில் எத்தனை கல் என்றும் சொல்ல வேண்டும். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறையும் செய்து காட்டி, பெயருக்கு முன்னால் சதாவதானி என்ற சொல்லைச் சம்பாதித்தார். தமிழில் இதைக் கவனகம் என்பார்கள். நாலு வாட்ஸப் குழுவுக்கு ஒரே நேரத்தில் பதில் போடுகிறவருக்கு இந்தச் சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள்.

பெண்களைப் பற்றி எழுதும்போது வேறு சொற்கள் வேண்டுமா?

வேண்டாம். ஆனால் என் மேஜைக்கு வரும் மடல்களில் வேறு சொற்கள்தான் வருகின்றன. ஆண் தலைமையாசிரியர் ‘ஆற்றல்மிக்கவர்’, ‘நிர்வாகத்தில் வல்லவர்’. அதே வேலையைப் பார்த்த பெண் ‘அன்பானவர்’, ‘பொறுமையின் சிகரம்’. மூன்று கட்டடங்கள் எழுப்பி, மாணவர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிவிட்டு ஓய்வு பெறுகிறவருக்கு இனிய புன்னகை மட்டும்தானா சொத்து? அப்படிப் பார்த்தால் நான் திருத்துவேன், காரணத்தையும் சொல்லுவேன். திறமைசாலி, அறிவாளி, மேதை மூன்றும் இருபாலுக்கும் பொது. வல்லவர், வல்லுநர் என்பவற்றின் அர் விகுதியும் பொது.

மாற்றுத்திறனாளி என்ற சொல் எப்போது வந்தது?

ஊனமுற்றோர் என்று இருந்த அரசு வழக்கைத் தமிழ்நாட்டில் 2010-இல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது மாற்றுத்திறனாளிகள் என்று மாற்றினார்கள். இன்று துறையின் பெயரே மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. திறன் என்ற சொல் செய்த பெரிய காரியங்களில் இதுவும் ஒன்று என்பேன். இயலாமையைச் சுட்டிய இடத்தில் இயலுமையை வைத்தது. ஒருவரைப் பற்றிக் குறிப்பாக எழுதும்போது மட்டும் பொதுச் சொல்லோடு நிற்காமல், பார்வையற்றவர், செவித்திறன் குறைந்தவர் என்று தேவையானதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்று கேட்டுவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

வேலை விண்ணப்பத்தில் என்ன எழுத?

‘கணினியில் மிகுந்த திறமை உண்டு’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ‘தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் தட்டச்சு செய்வேன், பக்க வடிவமைப்பும் தெரியும்’ என்று எழுதுங்கள். தேர்ச்சி என்ற சொல்லைத் தேர்வு எழுதி வென்றதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ‘தட்டச்சில் முதுநிலைத் தேர்ச்சி’. புலமை, பெரிய சொல். ஒரு மொழியில் கதையும் செய்யுளும் படித்து ருசிக்கிறவருக்குப் புலமை. கடைக்குப் போய்ப் பேரம் பேசுகிற அளவுக்கு இந்தி தெரிந்தால் ‘இந்தி பேசுவேன்’ போதும்.

‘அவன் எதையும் செய்யக்கூடியவன்’ என்றால் புகழ்ச்சியா?

நல்லவர்களைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. புகழ வேண்டுமானால் ‘எந்த வேலையைக் கொடுத்தாலும் செய்வான்’ என்று எழுதுங்கள்.

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பதைப் பாராட்டு மடலில் போடலாமா?

போடலாம், அந்தப் புல் எது என்று அடுத்த வரியில் சொல்வதாக இருந்தால். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் மிதிவண்டி டைனமோவையும் டார்ச் பல்பையும் வைத்து மின்சாரப் பாடம் நடத்தினார் என்று ஒரு ஆசிரியரைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்த மடலில் பழமொழியை நான் தொடவே இல்லை. டைனமோவை மட்டும் மூன்றாம் பத்தியிலிருந்து முதல் பத்திக்குக் கொண்டுவந்தேன்.